நிலமும் பொழுதும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்திலே ஒரு விவாதம் நடைபெற்றது. உல்லாசப் பிரயாணிகளைக் கவர்வதிற் சிறந்து விளங்குவது நுவரெலியாவா, மூணாறா என்பது விவாதப் பொருள். பொருளைத் தெரிவு செய்தவர்கள் மாணவர்களே. பொறுப்பாசிரியன் என்ற முறையில் அதற்கு இணங்கியவன் நான். இரு அணியினரும் கைத்தொலைபேசித் திரைகளிலிருந்து திரட்டிய செய்திகளோடு வந்திருந்தனர். நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். அதனருகே நிமிர்ந்து நிற்கும் பீதுருதாலகால மலை 2524 மீற்றர். சித்திரை மாதத்து வசந்த விழா, குதிரைப் பந்தயம், கிரகரி வாவி, ஹக்கலைப் பூந்தோட்டம் என்று ஓரணியினர் அடுக்கினர். மற்ற அணியினர் ஆனைமுடியின் 2695 மீற்றரைக் காட்டி முதல் அடியிலேயே எதிரிகளைத் தாழ்த்திவிட்டு, இரவிகுளத்து வரையாடுகளையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சாரலெங்கும் பூக்கும் நீலக்குறிஞ்சியையும் துணைக்கு அழைத்தனர். புத்திக்கூர்மையுள்ள மாணவனொருவன், இரண்டு ஊர்களுக்கும் ஒரே நேரமே வழங்குவதால் இங்கிருந்து அங்கு செல்பவன் தன் கைக்கடிகாரத்தைத் தொடவேண்டிய அவசியமில்லை என்றும், பிரயாணிக்கு அதுவும் ஒரு வசதி என்றும் எடுத்துரைத்தான். தீர்ப்பு நுவரெலியாவுக்குச் சாதகமாயிற்று. நடுவர்கள் மூவரும் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வாசகர்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் கலைந்தபின் நேரங்கணித்து மணியடித்த மாணவி என்னிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. அவளுடைய தாய் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிப்பவர். "சேர், ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்னு சொன்னாங்களே, அப்ப அங்க இருக்கிறவங்களும் எங்கம்மா மாதிரி நாலரைக்கா எந்திரிப்பாங்க?" என்று கேட்டாள்.

அவள் குற்றஞ்சாட்டும் நோக்கத்தோடு கேட்கவில்லை. அறியும் ஆவலினாற் கேட்டாள். ஆயினும் அந்தக் கேள்வி என்னைச் சில வாரங்களாக அலைக்கழித்தது. ஒன்றரை மணி நேரம் இரண்டு மலைநாடுகளை ஒப்பிட்டுப் பேசியிருக்கிறோம். ஆறுகளையும் பூக்களையும் விலங்குகளையும் எண்ணியிருக்கிறோம். அங்கே விடியற்காலையில் எழுந்திருப்பவர் எவர் என்ற கேள்வி அறுபது மாணவர்களுக்கும் நான்கு ஆசிரியர்களுக்கும் தோன்றவில்லை. அந்த அறுபது பேரில் முக்கால்வாசிப்பேர் லயன் வீடுகளிலிருந்து வருபவர்கள். தம்முடைய மலையைத் தாமே பிரயாணியின் கண்கொண்டு பார்க்கும்படி அவர்களைப் பழக்கிய கல்வியில் எனக்கும் பங்குண்டு. ஓரிடத்தை அழகியது என்று சொல்வதற்கு எமக்குள்ள உரிமை யாது? அந்த அழகுக்குள்ளே வாழ்பவனுடைய பொழுது எவ்வாறு கழிகிறதென்பதை அறியாமல் அதை அனுபவிப்பது குற்றமற்ற செயல்தானா? இதுவே நான் ஆராய விரும்பும் விடயம்.

முதலில் அந்த 'ஒரே நேரம்' பற்றிச் சில வார்த்தைகள். 1906 ஆம் ஆண்டிலே இலங்கையும் இந்தியாவும் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை மேற்கொண்டன. அந்த நேரத்துக்குரிய தீர்க்கரேகை 82½ பாகை. மூணாறு 77 பாகையை அடுத்தும் நுவரெலியா 81 பாகைக்குச் சற்று மேற்கேயும் அமைந்துள்ளன. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் செல்லும். ஆகவே கடிகாரம் இரண்டு ஊர்களிலும் ஒன்றையே காட்டினாலும், சூரியன் நுவரெலியாவுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் முந்தியே வந்துவிடுகிறான். மாதத்துக்கு மாதம் இது சற்றுக் கூடியும் குறைந்தும் இருக்கும். கடிகாரத்தின் ஒற்றுமை மனிதர் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமேயன்றி இயற்கையின் ஏற்பாடன்று.

மனிதர் செய்த ஒப்பந்தமாதலால் மனிதர் அதை மாற்றவும் செய்தனர். யுத்த காலத்தில், 1942 இல், இலங்கையின் கடிகாரம் இரண்டு முறை முன்னே தள்ளப்பட்டு, 1945 இலே பழைய நிலைக்கு மீண்டது. பின்னர் 1996 மே மாதத்தில், வரட்சியினால் நீர்மின் நிலையங்கள் முடங்கியபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் ஒரு மணி நேரத்தைக் கூட்டியது. அந்த மாதங்களில் நாம் பர்மாவின் நேரத்தில் வாழ்ந்தோம். நுவரெலியாவிலே உச்சிப்பொழுது கடிகாரத்தில் ஒரு மணி கழிந்த பின்னரே வந்தது. ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் வரை நிலைத்தது. ஆக, பத்தாண்டுக் காலம் நுவரெலியாவும் மூணாறும் ஒரே நேரத்தில் இருக்கவில்லை. எங்கள் விவாதகாரர்கள் அக்காலத்திற் பிறந்தேயிராதவர்களாகையால் இது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்குத் தெரியும். நான் வன்னியிற் பிறந்தவன். 1996 இல் எனக்கு எட்டு வயது. கொழும்பு நேரத்தை மாற்றியபோது இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த எங்கள் பகுதியில் பழைய நேரமே வழங்கிற்று. எவராவது ஒருவர் நேரம் சொன்னால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பின்னர் 2002 இலே பாதை திறந்து, அப்பாவுடன் முதன்முறையாக ஓமந்தையைக் கடந்து வவுனியாவுக்குச் சென்றபோது, பஸ்ஸிலிருந்த பெரியவர்கள் பலர் தத்தம் கைக்கடிகாரங்களைக் கழற்றி அரை மணி முன்னே திருகியதைக் கண்டேன். ஒரே வெயில், ஒரே வீதி, ஒரே பாலைமரங்கள். இடையிலே ஒரு சோதனைச் சாவடி. அரசு எங்கே முடிகிறதோ அங்கே நேரமும் முடிகிறது என்ற உண்மையை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கற்பிக்கவில்லை.

ஆனால் 1996 இன் மாற்றம் மலையகத்திலே எவ்வாறு உணரப்பட்டதென்பதை இங்கே ஆசிரியனாக வந்த பின்னரே அறிந்தேன். அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு பிறந்தது இந்த மலைகளிலே. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரைகளிலேயே தேயிலைத் தோட்டங்கள் அமைந்திருக்கின்றன. அந்நாட்களில் மின்விளக்கு எட்டிப் பார்க்காத லயன்கள் பல. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, மின்சாரமே இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் அதிகமான இருளில் எழுந்து குப்பி விளக்கேற்றினர். எங்கள் பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவர், அப்போது சிறுமியாக இருந்தவர், தீப்பந்தம் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குச் சென்றதை நினைவுகூர்வார். இதிலே எவருடைய தீய எண்ணமும் இருந்ததாக நான் சொல்லவில்லை. நேரத்தைத் தீர்மானித்த அறையிலே அந்த இருளை அறிந்தவர் எவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களிலே இன்றும் 'பாகான் நேரம்', அதாவது தோட்ட நேரம் என்று ஒன்று வழங்குகிறது. அது இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. சூரியன் அங்கே மிக முந்தி உதிப்பதால் அது இயற்கைக்கு ஒத்த ஏற்பாடு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கவனிக்கத்தக்கது என்னவெனில், தோட்டம் என்பது தனக்கென்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளும் வல்லமை படைத்த நிறுவனமாக இருந்து வந்திருக்கிறது என்பதே. எங்கள் மலைகளில் அதற்குத் தனிக்கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. தப்பு இருந்தது, கொம்பு இருந்தது. விடியுமுன் தப்பொலி கேட்டதும் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். பிந்தி வந்தவளுக்கு அன்று வேலை இல்லை. மலையிலே நாளைக் கணக்கிடும் சொல்லும் வேறு. ஒரு நாட்கூலியை அவர்கள் 'பேர்' என்பார்கள். குறித்த நிறை கொழுந்து சேராவிட்டால் 'அரைப்பேர்'. நாள் முழுவதும் நின்று உழைத்தவளுக்குக் கணக்குப் புத்தகத்திலே அரை நாள்தான் கழிந்திருக்கும். மற்ற அரை நாள் நிகழவேயில்லை. தமிழ் கற்றவன் என்ற முறையில் இந்தச் சொல்லாட்சியை நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. மனிதனின் பெயரே அவனுடைய நாளாகி, அந்நாளும் தராசிலே பாதியாக வெட்டப்படுகிறது. தொழிலாளியின் உணவுவேளையிலிருந்தும் ஓய்விலிருந்தும் நிமிடங்களைக் கொறித்தெடுக்கும் முதலாளிகளைப் பற்றி 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் விரிவாக எழுதினார். 1867 ஆம் ஆண்டு இலங்கைக்கும் முக்கியமானது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது அவ்வாண்டிலேதான்.

தமிழிலக்கியம் கற்றவர்களுக்கு நிலம், பொழுது என்ற இரு சொற்களையும் ஒருங்கே கேட்டவுடன் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்பது அதன் கொள்கை. ஒவ்வொரு திணைக்கும் உரிய பொழுது உண்டு. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. அதற்கடுத்த கருப்பொருளிலே மரமும் விலங்கும் பறவையும் மட்டுமன்றி, பறையும் தொழிலும் இடம்பெறுகின்றன. நிலத்தைப் பொழுதிலிருந்தும், இவ்விரண்டையும் அங்கு வாழும் மக்களின் தொழிலிலிருந்தும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எமது பழைய இலக்கண ஆசிரியனுக்கு இருக்கவில்லை. அவனுடைய உலகம் சமத்துவ உலகமென்று நான் வாதிக்க வரவில்லை. அவ்வாறு பழம்பெருமை பேசுவோர் வேறு பலர் இருக்கின்றனர். ஆனால் உல்லாசப் பயணத்துறையின் வண்ணத் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே நிலம் உண்டு, பொழுதில்லை. மலை எப்போதும் காலை ஒன்பது மணி வெயிலில் நிற்கிறது. பெண்ணொருத்தி கூடையுடன் சிரிக்கிறாள். அது தொழிலா, அலங்காரமா என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்லலாம். குறிஞ்சிப் பாட்டுக்களிலே தினைப்புனங் காக்கும் பெண்ணிடம் அந்நியனொருவன் வந்து, தப்பிய யானையைக் கண்டாயா என்று ஏதேனும் சாட்டுச் சொல்லிப் பேச்சுக் கொடுப்பான். இன்று தேயிலைப் புனத்துக்கு வரும் அந்நியனுக்குச் சாட்டும் தேவைப்படுவதில்லை. கையிலே கமரா இருக்கிறது.

இரண்டு ஊர்களின் கவர்ச்சியும் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சிறிது நோக்கவேண்டும். 1819 இலே ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் 1820 களின் இறுதியில் அதை நோயுற்ற வெள்ளையர் உடல் தேறும் இடமாக்கினார். 1840 களிலே சாமுவேல் பேக்கர் வந்து ஆங்கிலக் கிராமமொன்றை நிறுவ முயன்றார். பின்னர் வாவியும், பந்தயத் திடலும், கிளப்பும், கொல்ப் மைதானமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1885 இலே நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு கண்டிக் கிராமத்தவரின் கையிலிருந்து நழுவிய காடுகளிலேதான் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏறின. மூணாற்றின் கதை சற்றுப் பிந்தியது. 1877 இல் ஜோன் மன்றோ என்ற வெள்ளையர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். முதுவர் என்னும் மலைக்குடிகளின் காட்டுத் தடங்களே துரைமாரின் பாதைகளாயின. 1880 இலே தேயிலை நடப்பட்டது. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறிய இருப்புப்பாதையை அடித்துச் சென்றது; அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஒரு கூட்டத்தைக் கடல் கடத்தி எமது மலைகளுக்குக் கொண்டு வந்தனர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மற்றொரு கூட்டத்தை மேற்குமலைக்கு ஏற்றினர். ஒரே ஊரின் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் போயிருக்கக் கூடும். இங்கு வந்தவர்களின் சந்ததி 1948 இலே குடியுரிமை இழந்தது. அங்கு போனவர்களின் சந்ததிக்கு அந்தத் துன்பமாவது நேரவில்லை.

நான் மூணாற்றைப் பார்த்தது 2019 இல். மதுரையிலே ஓர் இலக்கியக் கூட்டத்துக்குச் சென்றவன், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினேன். எனது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்வதானால், மலையழகில் மூணாறே மேலானது. ஆனைமுடிப் பக்கத்துப் பாறைச்சரிவுகளின் கம்பீரம் எமது மலைகளில் இல்லை. ஆனால் மூணாற்று நகரம் விடுதிகளும் வாகனங்களும் நெருக்கிய குறுகிய சந்தி. நுவரெலியாவின் நகரமோ செங்கல் அஞ்சலகமும் பூப்பாத்திகளுமாகக் கண்ணுக்கு இனியது; சின்ன இங்கிலாந்து என்ற அடிமைத்தனப் பெருமையைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு மனத்துக்கும் இனியதாகலாம்.

தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சியை ஹற்றன் வீதியாற் செல்லும் எவரும் பார்க்கலாம். 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியபோது ஆற்று நீர் சுரங்கத்துக்குத் திரும்பியது. நீர்வீழ்ச்சி வற்றிப்போகும் என்று ஆட்சேபங்கள் எழுந்தமையால், பகற்பொழுதிலே ஏறத்தாழப் பத்தரை மணி நேரம் நீரைத் திறந்துவிட வேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அந்தக் கோரிக்கையை எழுப்பியவர்களை நான் மதிக்கிறேன். ஆறு செத்துவிடக் கூடாதென்றே அவர்கள் போராடினர். ஆயினும் விளைவைப் பாருங்கள். பார்ப்பவர் இருக்கும் வேளையில் அருவி விழுகிறது. இருள் வந்ததும் அதன் வேலை முடிகிறது. கொழுந்து பறிப்பவளுக்கு மட்டுமன்றி அருவிக்கும் நாட்கணக்கு வைத்துவிட்டோம்.

மூணாற்றிலே நான் செய்த காரியமொன்றைச் சொல்லவேண்டும். வீதியோரத் தேயிலை நிரையில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தார். எமது மலைகளிற் பெரும்பாலும் விரலாற் கிள்ளுவார்கள். அங்கே பையொன்று பொருத்திய பெரிய கத்தரியால் வெட்டுகிறார்கள். அது எனக்குப் புதுமையாக இருந்தது. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்களேன்" என்றேன். அவர் நிமிர்ந்து, பழக்கப்பட்ட ஒரு சிரிப்பைச் சிரித்தார். படம் எடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றதும் அவருடைய முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அங்கயும் கொழுந்துதானா? எங்க பாட்டியோட அண்ணன் அங்கதான் போனாருன்னு சொல்லுவாங்க" என்றார். அவர்களின் குடியிருப்பை அங்கே 'லயம்' என்கிறார்கள்; எங்கள் 'லயன்' தான். ஐந்து நிமிடம் பேசியிருப்போம். புறப்படும்போது, "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒரு நாளைக்கு இருபது பேர் இப்படி நிறுத்திடுறாங்க. ரெண்டு ரெண்டு நிமிஷமாப் போனாலும் எடையில தெரியுது" என்றார். பணம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் எண்ணி, அதிலும் வெட்கமடைந்து, ஒன்றும் கொடாமல் வந்தேன். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நல்ல படம், பலர் பாராட்டினர். அதிலே அவரது இரண்டு நிமிடம் இருப்பதை எவரும் காணவில்லை.

இக்கட்டுரையின் கருத்துக்களை ஆசிரியர் அறையில் வெளியிட்டபோது நண்பரொருவர் கடுமையாக ஆட்சேபித்தார். "உம்முடைய மனச்சாட்சியைக் கழுவுவதற்காகப் பிரயாணிகளை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறீரோ? உமது மாணவர்களில் எத்தனைபேர் நுவரெலிய விடுதிகளில் வேலை பார்த்துத் தங்கச்சியைப் படிப்பிக்கிறார்கள் தெரியுமோ?" என்றார். தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பின்னரும், பெருந்தொற்றுக் காலத்திலும் பிரயாணிகள் வராது போனபோது அந்த இளைஞர்கள் லயனுக்குத் திரும்பி வந்து வெறுங்கையுடன் நின்றதைக் கண்டவன் நான். பிரயாணத்தை நான் பழிக்கவில்லை. ஒரு மனிதன் தன் ஊரைவிட்டு வேறோர் ஊரின் குளிர்காற்றைச் சுவாசிக்க விரும்புவது நியாயமான விருப்பம். உழைப்பாளிக்கும் அந்த உரிமை கிடைக்கவேண்டும் என்பதே எமது கட்சி. என்னுடைய வாதம் வேறு. பிரயாணி வாங்குவது அறையும் உணவும் மட்டுமல்ல. எந்தக் கடப்பாடுமற்ற ஒரு பொழுதையே அவன் விலைக்கு வாங்குகிறான். அந்த ஓய்ந்த பொழுது, அதே சரிவிலே, மற்றொருத்தியின் ஓயாத பொழுதினால் தாங்கப்பட்டிருக்கிறது. பச்சைக் கம்பளம் என்று அவன் வியக்கும் சரிவு மழையினால் மட்டும் அவ்வாறு சமமாக வளர்ந்துவிடவில்லை. கவ்வாத்து வெட்டியவனும் நாள் தவறாமற் கிள்ளியவளும் அந்தச் சமத்துவத்தைச் செடிகளுக்கு அளித்திருக்கிறார்கள். உழைப்பு ஒரு மாதம் நின்றால் அந்தக் காட்சியே இல்லை.

எமது முகாமிலுள்ள ஒரு தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உழைக்கும் மக்களுக்கு அழகு தேவையில்லை, சோறுதான் தேவை என்று பேசுவதை முற்போக்கென்று எண்ணுவோர் உளர். மலையைப் பற்றி எழுதினால் அட்டைக்கடியும் கண்ணீரும் மட்டுமே வரவேண்டும் என்பது அவர்கள் விதி. என் மாணவியின் தாயிடம் ஒருமுறை, மலையிலே உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். அவர் சிறிதும் தயங்காமல், மேல் மலையின் கடைசி நிரையைச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் கொத்மலைப் பள்ளத்தாக்கின் மேலே பனிமூட்டம் பால் பொங்குவதுபோல எழும்புமாம். "ஆனா அந்த மலைக்கு மாசத்துல ஒரு தடவதான் பேர் விழும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல பாத்துக்கிறது" என்றார். அழகுணர்ச்சி அவரிடம் குறைவுபடவில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்திருப்பது தேநீர் குடிக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போகவேண்டியவருக்கு வேறு எப்பொழுது உண்டு? எனக்கு இருக்கும் மாலை வேளைகளும் தவணை விடுமுறைகளும் அவருக்கு இருக்குமாயின், அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி என்னைவிட நன்றாக அவர் பேசுவார் என்பதிற் சந்தேகமில்லை.

2015 செப்டெம்பரிலே மூணாற்றில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபது வீதமாக இருந்த போனசைக் கம்பனி பத்து வீதமாகக் குறைத்தபோது, ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மலைகளை விட்டிறங்கி நகரத்து வீதியிலே அமர்ந்தனர். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபா. தம் பேரில் இதுகாறும் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகிலும் விடவில்லை. ஒன்பது நாட்கள் கழிந்து இருபது வீதமும் கிடைத்தது. 'பெண்பிள்ளை ஒருமை' என்று அவ்வமைப்புப் பேர் பெற்றது. அந்த ஒன்பது நாட்களும் வீதி அடைபட்டிருந்தமையாற் பிரயாணிகள் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. கொழுந்து பறிப்பவளின் பொழுதுக்காகப் பிரயாணியின் பொழுது காத்திருந்தது அந்த மலைகளில் அதுவே முதன்முறையாக இருக்கலாம். அதே ஆண்டில் எமது மலையகத்திலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது நிறைவேறியது 2021 இல். ஆறு ஆண்டுகள் கழியுமுன் அந்த ஆயிரத்தின் பெறுமதியில் ஒரு பகுதியை விலைவாசி தின்றுவிட்டிருந்தது. இங்கே எங்கள் தலைவர்களைப் பெண்கள் விலக்கி வைக்கவில்லை. ஏன் என்பதைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதவேண்டும்.

2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியிலே மலை சரிந்து லயங்களின் மீது வீழ்ந்தது. எழுபது பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாட் காலையிலேதான் எட்டியது. உல்லாசப் பிரயாணிகள் வரையாடு பார்க்கச் செல்லும் இராசமலைக்கு அடுத்த இடம் அது. மறுநாள் மாலையிலே கோழிக்கோட்டில் விமானமொன்று ஓடுபாதையிலிருந்து விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. விமானத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சமும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பங்களுக்கு ஐந்து இலட்சமும் மாநில அரசு அறிவித்தது. அதனைக் கண்டித்துக் குரல்கள் எழுந்தன. இரண்டு துயரங்களையும் நான் தராசிலிட விரும்பவில்லை. விமானத்தில் வந்தவர்களிலும் வளைகுடாவிலே உழைத்துத் தேய்ந்தவர்கள் இருந்தனர். ஆனால் பிரயாணம் செய்தவன் உயிருக்கும் ஓரிடத்திற் கட்டுண்டு கிடந்தவன் உயிருக்கும் இடையிலே பாதிக்குப் பாதி என்ற கணக்கைக் கேட்டபோது எனக்கு 'அரைப்பேர்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நாம் கண்டதும் இதுவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் எமது மலைகளைச் சரித்தபோது, கண்டதை மீண்டும் கண்டோம். அழகிய சரிவு என்பதும் அபாயச் சரிவு என்பதும் ஒரே சரிவுதான். பார்த்துவிட்டுப் போகிறவன் அதை முதற்பெயரால் அழைக்கிறான். அதன் கீழே இரவில் உறங்குகிறவனுக்கு இரண்டாவது பெயர் மறப்பதில்லை.

மாணவியின் கேள்விக்கு நான் அன்றே விடை சொல்லவில்லை. புதிய தவணை தொடங்கியபின் ஒரு நாள் பூமிசாத்திர ஆசிரியரிடம் கேட்டுப் பெரிய பூகோளப் படத்தை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். 82½ பாகைக் கோட்டைக் காட்டினேன். இரண்டு ஊர்களையும் குறித்து, பாகைக்கு நான்கு நிமிடமாகப் பிள்ளைகளையே கணக்குச் செய்யவிட்டேன். ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் என்று கரும்பலகையில் விடை வந்தது. பின்னர், மூணாற்றிலும் பெண்கள் விடியுமுன்னே எழுந்து, சமைத்து, பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள் என்று சொன்னேன். நான் சந்தித்த பெண்ணைப் பற்றியும் சொன்னேன். படத்தைக் காட்டவில்லை.

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க வெளிச்சம் கால் மணிநேரம் பிந்தித்தானே வருது, சேர்?" என்றாள்.

"ஓம்."

"அவங்களும் நாலரைக்குத்தான் எந்திரிச்சாங்கன்னா, அவங்களுக்கு எங்கம்மாவ விட இருட்டு கொஞ்சம் கூட."

அதற்குள் மணி அடித்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் இரண்டே காலுக்கு. அதை விட்டால் நான்கு மைல் நடக்கவேண்டும். அவள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்.